உனக்கு இரண்டு நாள் சொல்லாத எண்

இன்று காலை மாதிரிகள் வைக்கும் அறையில் ஒரு பையைப் பிரித்தேன். கொய்யா. இரண்டு கிலோ இருக்கும், பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பழங்கள். பையின் மேல் ஒரு எண் மட்டும் ஒட்டியிருந்தது. யாருடைய தோட்டம், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எங்கள் ஆய்வகத்தில் அதுதான் முறை. கையுறை போட்டுக்கொண்டுதான் நறுக்கினேன். ஆனாலும் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது விரல்களில் அந்த வாசனை இருந்தது. டப்பாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்ன மேடம், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. விழுப்புரத்தில் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து மாம்பழம், சப்போட்டா, பப்பாளி, வாழை என்று எவ்வளவோ பழங்களை அரைத்து, அவற்றில் பூச்சி மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்திருக்கிறேன். மற்ற பழங்கள் வந்தால் வேலை பாட்டுக்கு வேலை நடக்கிறது. கொய்யா வந்தால் மட்டும் முடிவு தெரியும்வரை வீட்டுக்குக் கிளம்ப மனம் வருவதில்லை. இந்தப் பழத்தை இந்த நேரத்தில் யார் கடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று மனம் அலைகிறது. இது உன்னால் வந்தது. சரியாகச் சொன்னால், உனக்கு நான் செய்ததால் வந்தது.

திண்டிவனம் கல்லூரியில் வேதியியல் வகுப்பில் நாம் இருவரும் ஒரே மேசை. நீ கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் அதற்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறுவேன். நீ எனக்கு இடம் பிடித்து வைத்த நாட்களைவிட, இடம் இல்லாமல் நீயும் எழுந்து நின்றுகொண்டு வந்த நாட்கள்தான் அதிகம். உங்கள் வீட்டில் நிலம் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா மற்றவர்களின் நிலத்துக்குப் போய்வந்தாள். அதைப் பற்றி நாம் இருவரும் மூன்று வருடத்தில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. பேசாமல் இருந்ததில் நமக்குள் ஒரு வசதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

செய்முறை வகுப்பில் எனக்கும் உனக்கும் ஒரே சண்டைதான். கண்ணாடிக் குழாயில் திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நான் முதலிலேயே விடை என்ன வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணை எழுதிவிடுவேன். நீ கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவாய். விடை தப்பாக வரும். மதிப்பெண் போகும். கொஞ்சம் மாத்தி எழுதுடீ, யாருக்குத் தெரியப்போகுது என்று நான் சொன்னால், "எனக்கு அதானே வந்துச்சு" என்பாய். கோபமாகக்கூடச் சொல்லமாட்டாய். அடுத்த கரைசலை எடுக்கப் போய்விடுவாய்.

ஆனால் அளக்கும் வேலைக்கு வந்தது நான். நீ கல்யாணமாகி, கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாலு ஏக்கர் கொய்யாத் தோட்டத்துக்குப் போனாய். உன் வீட்டுக்காரர் துபாய்க்குப் போனபிறகு தோட்டம் முழுக்க உன் தலையில் விழுந்தது. உன் கொழுந்தனார் இருந்தார். அவர் சொல்வதற்கு இருந்தார், செய்வதற்கு நீ இருந்தாய். எங்கள் அம்மா உன் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வரத் தொடங்கியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே சொன்னாள். "அந்தப் பொண்ணு என்னை அம்மான்னுதான் கூப்புடுது. நான்தான் அதுங்கிட்ட சரியா மொகம் குடுத்துப் பேச முடியாம கெடக்கறேன்." அதைக் கேட்ட பிறகுதான் நான் உன் தோட்டத்துக்கு வந்தேன். உன் மகள் கீர்த்திக்கு அப்போது நாலு வயது. மரத்தடியில் உட்கார்ந்து, தன் முகத்தைவிடப் பெரிய பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் மாவுப்பூச்சி பிடித்தது என்று நீ சொன்னாயே, அது கீர்த்தி மூன்றாம் வகுப்பு படித்தபோது. இலைக்கடியில், காம்பில், பிஞ்சில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. திண்டிவனத்துப் பூச்சி மருந்துக் கடையில் இரண்டு பாட்டில் கொடுத்து, இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார்கள். ஒன்றில் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. இன்னொன்று பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நீ முதல் பாட்டிலின் கணக்கை வைத்து நாள் எண்ணினாய். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாய். பெரிய வாளியில் தண்ணீர் ஊற்றி, இரண்டையும் விட்டு, ஒரு குச்சியால் நீயே கலக்கியதை எங்கள் அம்மா பார்த்திருக்கிறாள். அடித்த ஆள் வாயில் துண்டு கட்டியிருந்தான், நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாய் என்று பின்னால் ஒருநாள் சொன்னாள்.

அதே சமயம்தான் பழக்கூழ் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்காரர்கள் உன் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். குழந்தைகள் குடிக்கும் பானத்துக்கான கூழ். பரிசோதனை அறிக்கை சுத்தமாக வந்தால் வருடாவருடம் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை அவர்கள் ஆள் வந்து மாதிரிக்குப் பழத்தை எடுத்துக்கொண்டு போனதும் நீ எனக்கு போன் செய்தாய். உங்க லேபுக்குத்தான் வருதாம்டீ என்று சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அப்போதே பக்கென்றது. அந்த வாரம் எங்களுக்கு வந்த கொய்யா ஒன்றே ஒன்றுதான். எண் மட்டும் ஒட்டிய பைதான், ஆனால் அது உன்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரியை நான் செய்யமாட்டேன், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் பழத்தை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

செய்கிற வேலை உனக்குத் தெரியும், ஒருநாள் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். பழத்தைக் கழுவாமல் நறுக்கி, கூழாக அரைத்து, அதில் கொஞ்சம் நிறுத்து ஒரு குழாயில் போட்டு, கரைப்பானும் உப்பும் சேர்த்துக் குலுக்கி, வேகமாகச் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை எடுத்து இயந்திரத்துக்குள் செலுத்துவோம். திரையில் ஒரு கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருக்கும். மருந்து இருந்தால் அந்தந்த மருந்துக்கான நேரத்தில் கோடு மேலே எழும். எவ்வளவு உயரம் எழுகிறதோ அவ்வளவு மருந்து.

புதன்கிழமை மூன்று மணி இருக்கும். முதல் மருந்தின் நேரம் வந்தது. சின்ன மேடு, அனுமதித்த அளவுக்குள். மூச்சு விட்டேன். இன்னும் சில நிமிடம் கழித்து, நான் எதிர்பார்க்காத இடத்தில் கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது. அந்த எழுத்தில்லாத பாட்டில் என்னவென்று திரை சொல்லிவிட்டது. அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல். நான் நாற்காலியிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். அதே உயரம். மேலதிகாரி, திரும்ப ஒருமுறை முதலிலிருந்து செய்துவிட்டு அறிக்கை கொடுக்கலாம் என்றார். அதுவும் எங்கள் முறைதான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். பஸ் நிலையத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கடலைக் கூடையோடு மல்லாட்டை விற்பவர் காதுக்குப் பக்கத்தில் கூவிக்கொண்டிருந்தார். போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வந்துடுச்சாடீ?"

"இன்னும் முடியல. மிஷின் ஓடிக்கினுதான் இருக்குது. பயப்படாத, நல்லாத்தான் வரும்."

நீ நம்பினாய். நாளைக்குக் கீர்த்திக்குப் பிறந்தநாள் என்று ஞாபகப்படுத்தினாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது, காலையில் கூப்பிடுகிறேன் என்றேன். காலையில் கூப்பிட்டேன். கீர்த்தி போனில் தேங்க்ஸ் ஆன்ட்டி என்றாள். பின்னால் நீ எதையோ கழுவும் சத்தம் கேட்டது. என்ன கழுவுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அறிக்கை வெளியே போகும் முன் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி, அது உண்மை. ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டவள் என்றால் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நல்லாத்தான் வரும் என்று சொல்லச் சொல்லி எந்த விதியும் இல்லை. இரண்டாம் முறை செய்யும்போது குறைந்துவிடாதா என்று நினைத்தேன். அது நடக்காது என்று என் படிப்புக்குத் தெரியும். ஆனாலும் நினைத்தேன். உனக்கு அந்தக் கம்பெனி கிடைக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். உன் கொழுந்தனார் வாயிலிருந்து உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒரு பக்கம். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த வாக்கியம் வந்தது. வியாழக்கிழமை மறுபடி செய்தேன். அதே எண். வெள்ளிக்கிழமை காலை அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நீ விழுப்புரத்துக்கே வந்துவிட்டாய். பழம் வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து போன் வந்த கையோடு கிளம்பியிருந்தாய். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நீ அழுவாய், அல்லது என்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பாய் என்று நினைத்து வந்தேன். கேட்டால் சொல்வதற்கு ஒரு வழிகூட யோசித்து வைத்திருந்தேன். மறுபடி மாதிரி எடுக்கச் சொல்லிக் கேள், மருந்து குறைவாகப் பட்ட ஓரத்து மரங்களாகப் பார்த்துப் பறித்துக்கொடு என்று சொல்லலாம் என்று. அந்த அளவுக்கு நான் போயிருந்தேன்.

நீ கேட்டது வேறு. "எப்ப தெரியும் உனக்கு?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டே புதன்கிழமை என்றேன்.

நீ உன் டீயைக் கொஞ்சம் தள்ளி வைத்தாய். பிறகு, நேற்றுக் கீர்த்தி பள்ளிக்கூடத்துக்கு மிட்டாய் எடுத்துக்கொண்டு போகவில்லை என்றாய். நம்ம தோட்டத்துப் பழம் இருக்கும்போது மிட்டாய் எதற்கு என்று நீதான் ஒரு பெரிய பை நிறையக் கொய்யாவைக் கழுவிக் கொடுத்தனுப்பினாயாம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்களாம். மதியம் பறிக்க வந்த பெண்களும் கூடையிலிருந்து எடுத்துத் தின்றார்கள், உங்க அம்மாவும்தான் என்றாய்.

நான் பேசத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. அனுமதித்த அளவு என்பது ஆயுள் முழுக்கத் தினமும் தின்றாலும் ஒன்றும் ஆகாத மாதிரி மிகவும் குறைத்து வைப்பது, ஒருநாள் ஒரு பழம் தின்றதால் எதுவும் ஆகிவிடாது, கழுவியும் இருக்கிறாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் உண்மைதான். நீ முடியும்வரை கேட்டாய்.

"அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரிஞ்சிருந்தா அந்தப் பைய நான் குடுத்து அனுப்பியிருக்க மாட்டேன்ல. நான் உங்கிட்ட நம்பர கேட்டேன் ஸ்டெல்லா. ஆறுதல் கேக்கல."

எழுந்து போய்விட்டாய். உன் டீ அப்படியே இருந்தது.

அன்றைக்கே நீ கீர்த்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போனதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்களை வாசலில் நிறுத்தி, என் தோட்டத்துப் பழத்தில் மருந்து அதிகமாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டேன், பிள்ளைகளுக்கு வாந்தி, தலைசுற்றல் ஏதாவது வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாயாம். சிலர் திட்டினார்கள். ஒருத்தி உன் முகத்துக்கு நேரே கையை நீட்டி சாபம் விட்டாள். உன் கொழுந்தனார் குடும்ப மானமே போச்சு என்று ஊரெல்லாம் புலம்பினார். பறித்து வைத்திருந்ததைச் சந்தைக்காவது அனுப்பலாம் என்று அவர் சொன்னபோது, நீ ஆள் வைத்துக் குழி வெட்டி அத்தனையையும் புதைத்தாய். அம்மாவும் மண் தள்ளியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. தினமும் அம்மாவுக்கு போன் செய்வேன். ஊரில் எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சலா, யாராவது மயங்கி விழுந்தார்களா என்று விசாரிப்பேன். இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்றாள். அன்று வேலையில் ஒரு குழாயை உடைத்தேன். பிறகு அது பஸ் நிறுத்தத்தில் தின்ற எதனாலோ என்று தெரிந்தது. அப்படியும் மனம் ஆறவில்லை. அம்மாவுக்கே எரிச்சல் வந்துவிட்டது. "ஒரு நாளு தின்னதுக்கு இம்மாம் பேஜாரு பண்றியே. மருந்து அடிச்ச மறுநாளே உள்ள எறங்கிக் களை எடுத்துக்கினு வர்றோமே, எங்களுக்கு எவன் டெஸ்ட் எடுக்கறான்?" எங்கள் ஆய்வகத்தில் பழத்துக்குத்தான் எண் ஒட்டுகிறோம்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதம் நீ என்னோடு பேசவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் படித்ததற்கான அடையாளம் மட்டும் வரும். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்பினேன், டப்பாவைக் கழுவி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாய், அவ்வளவுதான். அதற்கிடையில் தோட்டத்து வாசலில் ஒரு தகரப் பலகை அடித்து, மருந்து அடித்த தேதி, எந்தத் தேதிவரை யாரும் உள்ளே வரக்கூடாது, எந்தத் தேதிவரை பழத்தைத் தொடக்கூடாது என்று சாக்பீஸால் எழுதி வைத்தாய். எழுத்து இல்லாத பாட்டிலைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டிடம் கட்டுகிறவர்கள் மாதிரி முகமூடியும் கையுறையும் வாங்கிவந்து பறிக்கும் பெண்களுக்குக் கொடுத்தாய். வேர்க்கிறது என்று அம்மா கழற்றினால் விடமாட்டாய் என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள். அந்தக் குறையைக் கேட்க எனக்கு நன்றாக இருக்கும்.

அடுத்த பருவத்தில் நீயே பழம் எடுத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாய். இந்தமுறை நான் மேலதிகாரியிடம் சொல்லி வேறொருவரிடம் கொடுக்க வைத்தேன். அறிக்கை உன் பெயருக்கே வருவதால் முடிவை உன்னிடம் சொல்லத் தடை இல்லை. முடிவு வந்த அன்று நீ வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் தாளோடு வந்து நின்றதும், எவ்வளவு என்று கேட்டாய். ஒவ்வொரு மருந்தாக வரிசையாகப் படித்துக் காட்டினேன். எல்லாமே அளவுக்குள், பெரும்பாலானவை இயந்திரத்துக்கே தட்டுப்படாத அளவு. நீ தாளை வாங்கி நீயும் ஒருமுறை படித்தாய். பிறகு பக்கத்தில் இருந்த உன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். நான் உட்கார்ந்தேன்.

அதன்பின் நாம் பழையபடி ஆனோம் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் குறைந்து, கொஞ்சம் நிதானமாக ஆனோம். மூன்று வருடம் நன்றாகப் போனது.

பிறகு உனக்கு அசதி வரத் தொடங்கியது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்றாய். லேசாக இடித்தாலும் தோலில் நீலம் கட்டியது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது உன் கொழுந்தனார் வராந்தாவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். ரத்தம் கம்மியாக இருக்கிறது, சத்துக் குறைவு, வேறொன்றும் இல்லை என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருக்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றார். அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நீ தலையணைக்கு அடியிலிருந்து மடித்த தாளை எடுத்தாய். நர்ஸிடம் கேட்டு வாங்கிய, உன் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகல்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்டீ. ஆனா எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினு இருக்காங்க. என் கண்ணு மேலயே எனக்கு சந்தேகமா இருக்குது. நீ படி."

தாளை வாங்கினேன். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் இயல்பான அளவு போட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே வெகுதூரம் இருந்தது. நான் மருத்துவர் இல்லை, இது என் துறை இல்லை என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். எண்ணைப் படித்தேன். இயல்பு எவ்வளவு என்பதையும் படித்தேன். இது சத்துக் குறைவு இல்லை, ரத்தத்தில் வரும் புற்றாக இருக்கலாம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள், உறுதி செய்ய எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன். ஆனாலும் கடைசி வரிவரை படித்தேன்.

நீ என் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை. தாளை வாங்கி அதே மடிப்பில் மடித்தாய். "சரி. அவர வரச்சொல்லணும். கீர்த்திய திண்டிவனத்துல ஹாஸ்டல்ல சேக்கணும். நாளு இருக்குது இல்ல?" என்றாய். இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. டாக்டரையே கேட்போம் என்றேன். இருவரும் சேர்ந்து கேட்டோம். அவர் சொன்னதை நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய்.

எட்டு மாதம் இருந்தாய். உன் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். கீர்த்தி விடுதியில் சேர்ந்தாள். தோட்டத்தை யார் எப்படிப் பார்க்க வேண்டும், பலகையில் யார் எழுத வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டுப் போனாய். அந்த எட்டு மாதத்தில் ஒரு கேள்வியை மட்டும் நீ என்னிடம் கேட்கவே இல்லை. அந்த வாளி, அந்தக் குச்சி, அந்தப் பாட்டில். ஒவ்வொரு முறையும் நான் பாண்டிச்சேரி பஸ்ஸில் வரும்போது, இன்றைக்குக் கேட்டுவிடுவாய் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வருவேன். நீ கேட்கமாட்டாய். கீர்த்தியின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவாய். என்னிடம் பதில் இருக்காது என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டாயா, இல்லை, பதில் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று விட்டாயா. தெரியவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கீர்த்தியை விடுதியிலிருந்து ஊருக்கு அழைத்துப்போக நான் திண்டிவனம் வந்தேன். உன் வீட்டுக்காரருக்கு அன்று பறிப்பு. கீர்த்தி இப்போது பத்தாவது. உன்னைவிட உயரம். பஸ்ஸில் நல்ல கூட்டம், கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. திண்டிவனத்தைத் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு மருந்து அடிச்சதாலதான் வந்துச்சா?"

அவளிடம் சொன்னேன், அப்படிச் சிலருக்கு வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள், மருந்தைத் தொடாதவர்களுக்கும் இதே நோய் வருகிறது, உங்கள் அம்மா உடம்பில் எது நடந்தது என்று இப்போது எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியாது, எனக்குத் தெரியாது என்று. சொல்லி முடித்ததும், பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இல்லம்மா, அதனால் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாளோ என்னவோ.

அவள் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினாள். பிறகு சொன்னாள், "சித்தப்பாவ கேட்டேன். அதனால இல்லவே இல்லன்னாரு. அப்பாவ கேட்டேன். அதனாலதான்னு சொல்லி அழுதாரு. நீங்க மட்டும்தான் தெரியாதுன்னு சொல்றீங்க."

அது குறையா, நிறையா என்று அவள் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. கிளியனூர் வந்தது. இறங்கி, அவள் பையை வாங்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னிக்காச்சும் தெரிஞ்சா எங்கிட்ட சொல்வீங்கல்ல?"

சொல்கிறேன் என்றேன்.

இப்போது என்னிடம் இருப்பது உன் மகளுக்குக் கொடுத்த அந்த வார்த்தைதான். அன்றிலிருந்து, இந்த நோயையும் பூச்சி மருந்தையும் பற்றி எங்காவது ஒரு கட்டுரை வந்திருக்கிறது என்று கண்ணில் பட்டால் உடனே திறக்கிறேன். பாதியில் மூடிவிட்டு, எழுந்து நடந்துவிட்டு, திரும்ப வந்து மிச்சத்தைப் படிக்கிறேன். தெரிந்துவிடக்கூடாது என்று ஒரு மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. தெரிந்தால், எனக்குத் தெரிந்த அன்றைக்கே அவளுக்குச் சொல்லிவிடுவேன்.